வலது கையை யார் வரைவது

ஜனவரி 9

அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் "ம்" மட்டும் கொட்டினேன் என்று மாமா திட்டினார். "அவ அங்கேருந்து கத்திக் கத்திக் கேக்கறா, நீ இங்க மாடு மாதிரி நிக்கறே" என்றார். என்ன செய்வது, போனைக் காதில் வைத்தால் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்டதற்கெல்லாம் பதில் இதில் இருக்கிறது.

வேலை பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, நீளமாக ஒரே அறை. கை கால் அடிபட்டவர்களுக்கு வேண்டியதையெல்லாம் அங்கேதான் செய்கிறார்கள். செயற்கைக் கால்கள் ஒரு கோடியில், மாஸ்டரிடம். கைகள் இந்தக் கோடியில், தெரபி அக்காவிடம். நான் கைப்பக்கம்.

இங்கே ஒரு தொட்டியில் எப்போதும் வெந்நீர் இருக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை அளவாக வெட்டி அதில் போட்டால் அப்பளம் போல் தளர்ந்துவிடும். ஆறுவதற்குள் எடுத்து, நோயாளியின் கைமேல் வைத்து அழுத்திப் பிடித்தால் அந்தக் கையின் வடிவம் அப்படியே வந்துவிடும். பிறகு கல் மாதிரி இறுகிவிடும். இதற்கு ஸ்ப்ளின்ட் என்று பெயர். கை மடங்காமல் பிடித்துக்கொள்ளும். அக்கா அழுத்துவார். நான் ஓரம் தேய்ப்பேன், ஒட்டுப்பட்டை வைப்பேன்.

அதிகம் பேச வேண்டாம். "கையை நீட்டுங்க", "இங்க வலிக்குதா", இரண்டும் போதும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வேனே, அந்தப் பயம் இங்கே வரவில்லை. ஒன்பதாவதோடு நின்றேன் என்று நீ இன்னும் மூக்கைச் சிந்துவதாக அத்தை சொன்னாள். சிந்தாதே.

ஒட்டுப்பட்டைக்கு வெல்க்ரோ என்று பெயர். பக்கத்து மேசை அக்காவுக்கும் அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பிடித்தால் விடமாட்டார். அவரிடமிருந்து பிய்த்துக்கொண்டுதான் வர வேண்டும்.

சுவரில் ஓர் எலும்புக் கை தொங்குகிறது, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. தினமும் துடைப்பது என் வேலை. ஒன்று தெரியுமா, விரலுக்குள் தசையே கிடையாதாம். விரலை மடக்குகிற பெரிய தசைகளெல்லாம் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி நீண்டு வந்து விரலை இழுக்கின்றன. உன் முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டிப் பார், உள்ளே எலி ஓடுகிற மாதிரி இருக்கும்.

ஆகஸ்டில் உன் வெளிநாட்டு ஒப்பந்தம் முடிகிறது. தையல்கடை மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. நீ வந்ததும் நாம் இரண்டு பேரும் தனியாகப் போய்விடலாம் என்றாயே, அந்த மாதிரி இடம். எட்டிப் பார்த்தேன். வெளிச்சமாக இருக்கிறது.

உன் வாயில்லாப் பூச்சி


ஜனவரி 25

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு ஷிப்டுக்கு நடுவில் படித்தேன், பிறகு என் அறைக்காரிகள் இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணா பேசாது?" என்று கேட்கிறார்கள். ஆறு வருஷம் முன்னால் உன் அப்பா தவறிப்போன அன்றைக்குக்கூட நீ வாய் திறந்து அழவில்லை என்று சொன்னேன். நீ பேனாவில் வாயை வைத்திருக்கிறாய் போல.

முன்கையை ஆட்டிப் பார்த்தோம். எலி ஓடுகிறது. விரலுக்குள் தசை இல்லை என்றால் அப்போ விரல் நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான், தானாக ஒன்றும் செய்யாது, எங்கிருந்தோ ஒருத்தர் இழுக்க வேண்டும். இதை அத்தையிடம் வாசித்துக் காட்டாதே. மாசாமாசம் இங்கிருந்து பணம் அனுப்பி நான்தான் இழுக்கிறேன் என்று குத்திக் காட்டுவதாக நினைப்பாள்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. பேனா இரண்டு தடவை நழுவிவிட்டது. கொஞ்ச நாளாகக் கை மரத்துப்போகிறது. காலையில் எழுந்ததும் உதறு உதறு என்று உதறினால்தான் உயிர் வருகிறது. இந்த ஓட்டலில் எத்தனை அறையோ அத்தனை படுக்கை விரிப்பும் எங்கள் கைவழியாகத்தான் போகிறது. ஈரத்தோடு இழுத்து, உதறி, தேய்க்கிற சூட்டு உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் மடித்து. இந்தச் சலவைக்கூடத்தில் கை வலிக்காதவள் யார்? எல்லோருக்கும் இருக்கிறதுதான். மாமாவிடம் சொல்லிப் பெரிசு பண்ணாதே.

மேற்பார்வை பார்க்கிற அம்மாள், ஒப்பந்தத்தை இன்னும் நீட்டுகிறாயா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். மாடி அறையில் தண்ணீர் மேலே ஏறுகிறதா, கேட்டு வை. வெளிச்சத்தைக் குடிக்க முடியாது.

அம்மா


பிப்ரவரி 7

அம்மாவுக்கு,

"எல்லோருக்கும் இருக்கிறதுதான்" என்று எழுதியிருக்கிறாய். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

தெரபி அக்காவிடம் சொன்னேன். நானாகவே போய்ச் சொன்னேன், வெல்க்ரோ அக்கா சாட்சி. அவர் கேட்ட முதல் கேள்வி, "சுண்டுவிரலும் மரத்துப்போகுதா?" நீ பதில் எழுதுவதற்குள் நானே ஒரு பந்தயம் கட்டுகிறேன். சுண்டுவிரல் நன்றாக இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் பாதி. இவை மட்டும்தான் மரக்கும்.

ஏன் என்றால், மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள் இருக்கின்றன, இரண்டு வரிசையாக. ஒன்று படகு மாதிரி, ஒன்று பிறை மாதிரி, ஒன்று பட்டாணி மாதிரி. பட்டாணியை நீயே தொட்டுப் பார்க்கலாம், உள்ளங்கை முடிகிற இடத்தில் சுண்டுவிரல் பக்கம் உருளும். இந்த எட்டும் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். அதன்மேல் ஒரு பட்டை மூடியிருக்கும். உள்ளே விரலை இழுக்கிற கயிறுகள் ஒன்பது, கூடவே ஒரே ஒரு நரம்பு. அந்த இடத்தில் கூட்டம் அதிகம். ஈரத் துணியை முறுக்கி முறுக்கி இழுத்தால் கயிறுகளின் உறை வீங்கும். வீங்கினால் நரம்பு நசுங்கும். அதுதான் உனக்கு.

இப்போது முக்கியமானது. கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்கையில் ஒரு மேடு இருக்கிறது இல்லையா, அதைப் பார். சப்பையாகிவிட்டதா என்று பார். அந்த மேட்டுச் சதை விரலுக்குப் பக்கத்திலேயே இருந்து வேலை செய்வது. அது வற்ற ஆரம்பித்தால் அறுவைசிகிச்சைதான். அப்போதும் முழுசாகத் திரும்ப வராமல் போகலாம் என்று அக்கா சொன்னார். வற்றவில்லை என்றால், மணிக்கட்டு மடங்காமல் ஒரு ஸ்ப்ளின்ட் போட்டுக்கொண்டு தூங்கினால் பெரும்பாலும் சரியாகும். அங்கேயே ஒரு டாக்டரிடமும் காட்டு.

ஸ்ப்ளின்ட்டை நான் செய்கிறேன். அக்கா சரி என்றுவிட்டார். கைமேல் வைத்து அழுத்த முடியாது, அதனால் வடிவம் வேண்டும். மரத்துப்போகிற கையைக் காகிதத்தில் வைத்து, சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. முன்கையும் முக்கால்வாசி வர வேண்டும்.

இன்னொரு விளையாட்டு. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனி சேர்த்து வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கு. நடுவில் ஒரு கயிறு எழும். சிலருக்கு அது பிறப்பிலேயே இருக்காது, இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. நேற்று மாமாவுக்கு இரண்டு கையிலும் எழுந்தது. அத்தைக்கு இல்லை. "உனக்கு ஒண்ணு குறையுதுடி" என்றார் மாமா. "குறைஞ்ச கையாலதான் இத்தனை வருஷமா வடிச்சுக் கொட்டறேன், நிறைஞ்ச கை ஒரு டம்ளர் கழுவினதில்ல" என்றாள் அத்தை. எனக்கும் இல்லை.

மாடியில் தண்ணீர் ஏறுகிறது. கேட்டுவிட்டேன்.

உன் வாயில்லாப் பூச்சி


பிப்ரவரி 21

என் கண்ணுக்கு,

பந்தயத்தில் நீ ஜெயித்தாய். சுண்டுவிரல் மகாராணி மாதிரி சௌக்கியமாக இருக்கிறாள். மோதிர விரலில் பாதி என்று எழுதியிருந்தாயே, ஊசியால் மெல்லக் குத்திப் பார்த்தேன், சரியாகப் பாதிதான். அது எப்படி ஒரு விரலை இரண்டு பேருக்குப் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறது?

மேடு அப்படியே இருக்கிறது. டாக்டரும் பார்த்தார், நீ சொன்னதையே சொன்னார், ஆனால் இத்தனை விளக்கமாக இல்லை. அறையில் மூன்று பேரும் உள்ளங்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஜோசியம் பார்க்கிறோம் என்று நினைத்து வாசலில் இரண்டு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

கயிறு எனக்கும் இல்லை. நீ என் மகள்தான், சந்தேகமே வேண்டாம். இங்கே வேலை செய்கிற ஒருவருக்கு இரண்டு கையிலும் கம்பி மாதிரி எழுகிறது.

கையை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரு காகிதம் பற்றவில்லை, இரண்டை ஒட்டினேன். நாலாம் வகுப்பில் நீ கையை வரைந்து மயில் பண்ணினாயே, அந்த ஞாபகம் வந்தது. மயிலுக்கு ஆறு தோகை போட்டிருந்தாய்.

அம்மா


மார்ச் 9

அம்மாவுக்கு,

இதோடு வருகிற பெட்டியில் ஸ்ப்ளின்ட் இருக்கிறது. நான் தனியாகச் செய்த முதல் உருப்படி. வெட்டியது, இளக்கியது, அழுத்தியது, தேய்த்தது, எல்லாம் நான்தான்.

எப்படி அழுத்துவது என்று முதலில் புரியவில்லை. நீ வரைந்ததை மேசைமேல் விரித்து வைத்திருந்தேன். சும்மா என் இடது கையை அதன்மேல் வைத்தேன். கோட்டுக்கு வெளியே எதுவும் வரவில்லை, உள்ளே எதுவும் மிச்சமும் இல்லை. நடுவிரல் நுனிகூட அதே இடம். நீ இங்கிருந்து போனபோது என் கை உன் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. அப்புறம் என்ன, என் கைமேலேயே தகட்டை வைத்து, வலது கையால் அழுத்திப் பிடித்து ஆறவிட்டேன். சூடு கொஞ்சம் பட்டது. பரவாயில்லை.

தெரபி அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரத்தை இன்னும் கொஞ்சம் தேய்" என்றார். அவர் வாயிலிருந்து அது பாராட்டு. வெல்க்ரோ அக்காதான், "அம்மாவுக்கா? அம்மாவுக்கா?" என்று அறை முழுவதும் தூக்கிக் காட்டினார். எனக்குக் கூச்சத்தில் தொட்டிக்குள் இறங்கிவிடலாம் போல் இருந்தது.

தூங்கும்போது போட்டுக்கொள். இறுக்கிக் கட்டாதே. பட்டைக்கு அடியில் ஒரு விரல் போகிற இடம் விடு.

தையல்கடைக்காரரிடம் மாமா பேசிவிட்டார். ஆகஸ்ட் வரை வேறு யாருக்கும் விடமாட்டாராம். நம் இரண்டு பேருக்கு அந்த இடம் தாராளம்.

உன் வாயில்லாப் பூச்சி


மார்ச் 26

அடி என் கெட்டிக்காரியே,

பெட்டியைப் பிரித்தேன். எடுத்தேன். கையில் மாட்டினேன். மாட்டவில்லை. திருப்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, நீ இடது கைக்குச் செய்திருக்கிறாய். எனக்கு மரத்துப்போகிறது வலது கை!

உன்மேல் தப்பில்லை. நான் செய்த கூத்தைக் கேள். கையை வரை என்றாய். வரைவதென்றால் பேனாவை எந்தக் கையில் எடுப்பேன்? வலது கையில். காகிதத்தில் போய் உட்கார்ந்தது இடது கை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, அழகாக வந்திருக்கிறது என்று மடித்து அனுப்பிவிட்டேன். வலது கையை யாரும் தானாக வரைந்துகொள்ள முடியாது, இந்த வயதில் இது எனக்குத் தெரிகிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

இடது கையில் மாட்டினால் அச்சாகப் பொருந்துகிறது. சும்மா ஒரு நாள் போட்டுக்கொண்டு தூங்கினேன். வீணாக்க மனசு வரவில்லை.

இந்தத் தடவை ஆள் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். சரியான கை. அளவும் குறித்திருக்கிறது. நிதானமாகச் செய், அவசரம் இல்லை. விரல் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக மரக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா


ஏப்ரல் 9

அம்மாவுக்கு,

இங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். "பேனா நழுவுதுன்னு முதல் கடிதாசியிலயே எழுதியிருக்காங்களே, உங்கம்மா இடது கையாலயா எழுதுவாங்க? எந்தக் கைன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உனக்கு?" என்றார் தெரபி அக்கா. வெளியே மாட்டியிருக்கிற பலகையில், "வலதா இடதா என்று கேள்" என்று இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்காக.

வலது கை ஸ்ப்ளின்ட் முடிந்துவிட்டது. என் வலது கைமேல் அழுத்துவதற்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. வெல்க்ரோ அக்காவிடம் போய்க் கேட்டேன்.

கேட்டது தப்பாகிவிட்டது. நீ அனுப்பிய காகிதத்தை அவர் வாங்கிப் பார்த்தார். "இது பேனா இல்லடி, தட்டைப் பென்சில். மரவேலைக்காரங்க காதுல செருகியிருப்பாங்களே, அது. எவ்வளவு பொறுமையா ஒவ்வொரு விரல் சந்துலயும் போயிருக்கு பாரு. யாரு வரைஞ்சது?" என்றார். தெரியாது என்றேன்.

அம்மா, இங்கே முதல் தடவை வருகிறவர்களின் கையை நாங்களும் இப்படித்தான் வரைந்து எடுப்போம். தெரியாத ஆள் பக்கத்தில் குனிந்து பென்சிலை விரல் நடுவில் கொண்டுபோனால், யாராக இருந்தாலும் விரலை விறைத்துக்கொள்வார்கள். கட்டைவிரல் ஒட்டிக்கொள்ளும். கோட்டிலேயே அது தெரியும். நீ அனுப்பியதில் உன் விரல்கள் விரிந்து, தளர்ந்து, தூங்குகிற கை மாதிரி இருக்கின்றன.

இரண்டு கையிலும் கயிறு இருக்கிறவர் இவர்தானா?

மகள்


ஏப்ரல் 23

என் கண்ணுக்கு,

ஆமாம். அவர்தான்.

போனில் சொல்லலாம் என்று இருந்தேன். போனில் சொன்னால் நீ "ம்" என்பாய், அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நான் மாசக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்வேன்.

அவர் இந்த ஓட்டலில் கார்பெண்டர். கதவு, அலமாரி, எங்கள் தள்ளுவண்டிச் சக்கரம், எல்லாம் அவர்தான் பார்ப்பார். நம் பாஷைக்காரர். மனைவி இறந்து ரொம்ப வருஷம், பிள்ளைகள் இல்லை. முதல் வருஷம் நான் அவரிடம் பேசியதெல்லாம் "சக்கரம் கத்துது" மட்டும்தான். சக்கரத்துக்கு எண்ணெய் போடுவார், போவார். உன்னைப் போலத்தான், வாய் கிடையாது. உன் கடிதங்களில் எலும்பு பற்றி வருகிறதை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அவருக்கு மரம் சீவுகிற இழைப்புளியைப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் சுளீர் என்கிறதாம். "உங்க பொண்ணு இதுக்கு ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்டார். பதினாறு வயசுப் பெண்ணிடம் வைத்தியமா என்று கேலி செய்தேன்.

தை மாசம் என்னைக் கேட்டார். ஆகஸ்டில் அவருக்கும் முடிகிறது. சேர்ந்து வரட்டுமா என்று கேட்டார். மகளைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். "கேளுங்க, நான் இருக்கேன்" என்றார். அத்தோடு சரி, இதுவரை மறுபடி கேட்கவில்லை.

நம் இரண்டு பேருக்கு என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். அதனால்தான் எழுத வரவில்லை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். மனசில் வைத்துக்கொண்டு பிறகு புழுங்குகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும். சரியோ இல்லையோ, ஒரு வரி எழுது.

ஸ்ப்ளின்ட் முடிந்தது என்று எழுதியிருந்தாய். பெட்டி இன்னும் வரவில்லை. தபாலில் தாமதமோ?

அம்மா


மே 21

கண்ணு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படி.

மூன்று ஞாயிறு போன் செய்தேன். மூன்று ஞாயிறும் நீ கடைக்குப் போயிருப்பதாக மாமா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன வாங்குகிறாய் என்று அவரைக் கேட்கவில்லை.

போன வாரம் உருளையில் விரிப்பைக் கொடுக்கும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சூட்டில் பட்டுவிட்டன. பட்டது எனக்குத் தெரியவில்லை. வாசனை வந்த பிறகுதான் பக்கத்திலிருந்தவள் பார்த்துக் கையை இழுத்தாள். நுனி மட்டும்தான், ஆறிவிடும். பயப்படாதே, மாமாவிடமும் சொல்லாதே. கொஞ்ச நாள் என்னை மடிக்கிற வேலையில் போட்டிருக்கிறார்கள்.

கடிதத்தைத் தான் எழுதித் தருவதாக அவர் சொன்னார். வேண்டாம் என்றேன். இது நமக்குள் உள்ளது.

அவரிடம் சொல்லிவிட்டேன். என் மகள் பேசாமல் இருந்தால் அதுதான் பதில், நான் தனியாகவே போகிறேன் என்று. "சரி" என்றார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதில் சக்கரம் ஒன்றும் கத்தவில்லை, சும்மா தள்ளிக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் வருகிறேன். நாம் இரண்டு பேரும் மாடிக்குப் போகலாம்.

அம்மா


ஜூன் 3

அம்மாவுக்கு,

ஸ்ப்ளின்ட் இந்தப் பெட்டியில் இருக்கிறது. தபாலில் தாமதம் இல்லை. என் மேசை இழுப்பறையில் இருந்தது. முடிந்த அன்றே பெட்டியில் போட்டு விலாசம் எழுதிவிட்டேன், யார் வரைந்தது என்று நீ எழுதுகிறவரை அனுப்பாமல் வைத்திருந்தேன். கார்பெண்டர் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த அன்று எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கோபம். உன் விரல் சுட்டதும் உனக்குத் தெரியவில்லை என்று படித்தபோது தெரபி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இன்னிக்கே அனுப்பு" என்றார். திட்டியிருக்கலாம்.

புண் ஆறுகிறவரை விரல் நுனியில் எதுவும் படக்கூடாது என்று உள்ளங்கைப் பாதியோடு ஓரத்தை வெட்டிவிட்டேன். அதனால் இப்போதே போட்டுக்கொள்ளலாம். டாக்டரிடம் மறுபடி போ. கட்டைவிரல் மேட்டைப் பார்க்கச் சொல். நீயாகப் பார்த்துவிட்டு அப்படியே இருக்கிறது என்று எழுதினால் நம்ப மாட்டேன். சூடான எதையும் தொடுவதற்கு முன்னால் சுண்டுவிரலால் தொட்டுப் பார். அவளுக்குத்தான் உணர்ச்சி இருக்கிறது.

இனி மற்றது.

நான் போனில் "ம்" என்றால் அது சரி என்று அர்த்தமில்லை. எழுதாமல் இருந்தால் அது வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. எழுத வரவில்லை, அவ்வளவுதான். நீ என்னைக் கேட்டுவிட்டு, பதிலையும் நீயே அவரிடம் சொல்லிவிட்டாய். ஒரு மாசம் காத்திருக்க உனக்குப் பொறுமை இல்லை. அவர் ஜனவரியிலிருந்து இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகவில்லை. மாடி அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். தையல்கடைக்காரர் சாவி கொடுத்தார். முன்னறையில் எனக்கும் உனக்கும் எங்கே எங்கே படுக்கை என்று மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். அதை மூன்று பேருக்காக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதல் ஞாயிறு பிடிக்கவில்லை. இரண்டாவது ஞாயிறும் பிடிக்கவில்லை. அப்புறம் பின்னறைக் கதவு கீழே உரசுகிறது என்பதைக் கவனித்தேன், பாதிக்கு மேல் திறக்கவில்லை. தையல்கடைக்காரரிடம் சொன்னால், "வர்றவங்க பாத்துக்கட்டும்" என்கிறார். ஆகஸ்டில் வருகிறவர்களில் ஒருவருக்கு இழைப்புளி பிடிக்கத் தெரிந்தால் நல்லது.

அப்பா என்று கூப்பிட மாட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கார்பெண்டர் என்றுதான் கூப்பிடுவேன், கொஞ்ச நாளைக்கு அதுவும் கூப்பிட மாட்டேன், பக்கத்தில் வந்து நிற்பேன். அவரும் பேசாதவர் என்பதால் சங்கடமில்லை. பேசுகிறதெல்லாம் நீயே பேசிக்கொள்.

மாமாவிடம் நான் சொல்லிவிட்டேன். வாயால் சொன்னேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, "அந்த ஆளு டம்ளர் கழுவுவாரான்னு கேட்டு எழுதச் சொல்லு" என்றாள். அதற்கும் பதில் எழுது.

அவருக்குக் கட்டைவிரல் அடியில் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். ஏப்ரலில் படித்தபோதே எனக்குத் தெரியும், அது கட்டைவிரலைத் தூக்குகிற இரண்டு கயிறுகள். ரேடியஸ் என்று முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு ஒன்று இருக்கிறது. அதன் நுனியில், ஒரே உறைக்குள் அவை இரண்டும் நெருக்கிக்கொண்டு போகும். அங்கே வீங்கியிருக்கும். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி வேறு வகை ஸ்ப்ளின்ட் போட வேண்டும். எப்படி என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டுவிட்டேன். மாஸ்டர் கை அவர் அளவுக்குப் பெரிசாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதன்மேல் அழுத்திக்கொள்கிறேன்.

எந்தக் கை என்று முதலில் கேள். வலது என்றால் அவரால் வரைய முடியாது. நீதான் வரைய வேண்டும். உன் வலது கை சரியில்லை, இடது கையால் வரை. கோடு கோணினால் நான் பார்த்துச் சரிசெய்துகொள்கிறேன்.

விரலை விறைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்.

உன் வாயில்லாப் பூச்சி